இலவசம் இல்லை, காசு கட்டியாயிற்று

மாதத்தில் ஒரு தடவையாவது எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் வந்து விழும். "இலவச ஆவணப்படங்கள், இலவச ஒலிநூல்கள், பிள்ளைகளுக்குப் பகிரவும்" என்று தலைப்பு. பாதி இணைப்புகள் திறக்காது. மீதியில் பாதி, யாரோ ஒரு தொலைக்காட்சியின் படத்தை எடுத்து, ஓரத்தில் தன் பெயரை ஒட்டி, இடையில் பத்து விளம்பரத்தையும் செருகி யூரியூப்பில் ஏற்றியது. அனுப்பிய மாமாவின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் இருக்காது. அது அந்த மாமாவே மாதாமாதம் காசு கட்டுகிற இடத்தின் பெயர்.

எனக்கு அந்தப் பட்டியலில் கோபம் இல்லை. அதிலுள்ள 'இலவசம்' என்ற சொல்லில்தான் கோபம். அந்தச் சொல் எங்களை இரண்டு விதமாக ஏமாற்றுகிறது. ஜேர்மன் மொழியில் எங்களுக்குச் சொந்தமான ஒன்றைத் தானமாகக் காட்டுகிறது. தமிழில் யாரும் செய்யாத ஒன்று எங்கேயோ தானாக முளைத்திருக்கும் என்று நம்பவைக்கிறது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

18 யூரோ 36 சதம்

ஜேர்மனியில் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ ரூண்ட்ஃபுங்க்பைட்ராக் கட்டுகிறது. வருடத்துக்கு 220 யூரோ 32 சதம். 2013 முதல் இது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. உங்களிடம் ரீவி இருக்கிறதா, வானொலி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு முன் இருந்த ஜி.ஈ.இசட் என்ற பெயர் அப்போதே போய்விட்டது. எங்கள் அப்பாமார் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள், அதுவும் திட்டிக்கொண்டு.

திட்டுவது அவர்கள் உரிமை. நான் கேட்பது வேறு. கட்டிய காசுக்கு என்ன வந்தது என்று ஏன் ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை? சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, இலையில் கை வைக்காமல் எழும்பி, வாசலில் நிற்பவன் நீட்டும் பிஸ்கட்டுக்குக் கை நீட்டுகிறோம். அந்த பிஸ்கட்டும் எங்கள் இலையிலிருந்து எடுத்ததுதான்.

தனியாக அறை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு இடையில் ஒரு விஷயம். பாஃபொக் உதவிப்பணம் எடுத்துக்கொண்டு, பெற்றோருடன் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றால், விண்ணப்பித்து இந்தக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறலாம். பல பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

இனி, அந்தக் காசுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இசட்.டி.எஃப் மீடியாதேக்கில் 'டெர்ரா எக்ஸ்' இருக்கிறது. வரலாறு, தொல்லியல், இயற்கை எல்லாம் அதில் உண்டு. ஏ.ஆர்.டி மீடியாதேக்கில் ஒன்பது பிராந்திய நிறுவனங்களின் ஆவணப்படங்கள் இருக்கின்றன. எஸ்.டபிள்யு.ஆர், டபிள்யு.டி.ஆர் இரண்டும் சேர்ந்து நடத்தும் 'பிளானெட் ஷூல' பள்ளிப் பாடத்தை ஒட்டியே படம் எடுக்கிறது. ஷ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வரும் 'ஆர்ட்டே' ஜேர்மன், பிரெஞ்சு தவிர ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன், போலிஷ் மொழிகளிலும் படங்களைத் தருகிறது. பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பௌதீகம் பிடிக்கும் என்றால், ஹரால்ட் லெஷ் என்ற பேராசிரியர் நடத்திய 'ஆல்ஃபா சென்டவ்ரி'யைத் தேடுங்கள். 1998 முதல் 2007 வரை பவேரிய வானொலியின் கல்வி அலைவரிசையில் வந்தது. ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, ஒரு மனிதர், பதினைந்து நிமிடம். கருந்துளை என்றால் என்ன, நேரம் என்றால் என்ன என்று பேசுவார். வேறு ஒன்றும் இல்லை. இருநூறுக்கு மேற்பட்ட பாகங்கள். வியட்நாமிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையான மாய் தி நுயென்-கிம், இதே கட்டணத்தில் நடக்கும் 'ஃபுங்க்' வலையமைப்பில் 'மாய்லாப்' நடத்தி, இரசாயனவியலை இலட்சக்கணக்கான பேருக்கு விளக்கினார். எங்களைப் போல வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை அவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆனால் அதற்காகவும் சொல்கிறேன்.

காதுக்கு, 2017இல் ஆடியோதேக் என்ற பெயரில் ஏ.ஆர்.டி தொடங்கிய ஒலித் தளம். அதில் வானொலி நாடகம், நாவல் வாசிப்பு, அறிவியல் நிகழ்ச்சி எல்லாம் இருக்கின்றன. டொய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலியில் விளம்பரமே கிடையாது. ஒலிநூல் நிறுவனத்துக்கு மாதம் பத்து யூரோவுக்குக் குறையாமல் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் பலரை எனக்குத் தெரியும். புதிதாக வெளிவரும் நாவல் வேண்டும் என்றால் கட்டுங்கள், எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் அது போகட்டும். ஆனால் ஜேர்மன் பாடத்துக்கு 'எஃபி ப்ரீஸ்ட்' கொடுத்திருக்கிறார்கள் என்பதற்காக ஏன் சந்தா? ஃபொன்டான 1898இல் இறந்துவிட்டார். லிப்ரிவொக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் அந்த நாவலை முழுவதுமாக வாசித்து வைத்திருக்கிறார்கள்.

நூலக அட்டையும் இதே வகைதான். பல நகரங்களில் 18 வயதுக்குக் கீழே அது காசில்லாமல் கிடைக்கும். அந்த அட்டையோடு 'ஒன்லைய' மூலம் மின்நூலும் ஒலிநூலும் இரவல் எடுக்கலாம். பல நூலகங்கள் 'ஃபில்ம்ஃப்ரெண்ட்' என்ற திரைப்படத் தளத்தையும் அதே அட்டைக்குத் திறந்துவிடுகின்றன. இது உங்கள் பெற்றோரின் வரிப்பணம். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கட்டியதை அழிக்கும் சட்டம்

இதுவரை வாசித்தவர்கள், நான் ஏதோ மீடியாதேக்குக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்கலாம். இல்லை. அவர்களோடும், அவர்களுக்குச் சட்டம் போடுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

2009 ஜூன் மாதம், 16 மாநிலங்களும் சேர்ந்து செய்த பன்னிரண்டாவது ஒலிபரப்புத் திருத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒளிபரப்பான நிகழ்ச்சி பொதுவாக 7 நாள்தான் இணையத்தில் இருக்கலாம். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்றால் 'மூன்று படிச் சோதனை' என்ற நீண்ட நடைமுறையைத் தாண்ட வேண்டும். ஏற்கனவே இணையத்தில் இருந்தவற்றுக்கும் 2010 ஓகஸ்ட் முடிவுவரைதான் தவணை. அந்தத் தவணை முடிந்தபோது இசட்.டி.எஃப் தன் இணைய உள்ளடக்கத்தில் 80 வீதமளவு அழித்திருந்தது. இதற்கென்றே ஜேர்மன் மொழிக்கு ஒரு புதுச் சொல் வந்தது: டெப்புப்லிசீரன். வெளியிட்டதை வெளியிடாததாக ஆக்குவது.

யார் கேட்டது? பார்வையாளர்கள் கேட்கவில்லை. தனியார் தொலைக்காட்சிகள் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. பத்திரிகை முதலாளிகளும் அழுத்தம் கொடுத்தார்கள். பொதுப்பணத்தில் செய்ததைச் சும்மா கொடுத்தால் தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். 2007இல் ஜேர்மனி சில உறுதிமொழிகளைக் கொடுத்து அந்த வழக்கை முடித்தது. அந்த உறுதிமொழிகளிலிருந்து பிறந்ததுதான் 2009 ஒப்பந்தம்.

பத்திரிகைகள் வாழவேண்டும், அதில் மறுபேச்சில்லை. செய்தியைப் பொறுத்தவரை அவர்களின் பயத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் எரிமலை எப்படி வெடிக்கிறது என்ற ஆவணப்படம் எட்டாம் நாளும் இணையத்தில் இருந்தால் எந்தப் பத்திரிகை மூடப்படும்? செவ்வாய்க்கிழமை காட்டிய படம் அடுத்த மாதம் என் சோதனைக்கு உதவக்கூடாது என்பதில் யாருக்கு என்ன லாபம்? பள்ளிக்கூடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு கிழமையில் பறித்து எரித்தால் பெற்றோர் தெருவுக்கு வந்திருப்பார்கள். இதற்கு ஒருவரும் வரவில்லை. 'இலவசமாகக் கிடைத்தது, போய்விட்டது' என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சொல் செய்யும் வேலை இதுதான். இலவசமாக வந்ததைப் பறித்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். காசு கட்டியதைப் பறித்தால் கேட்பார்கள்.

2019 மே மாதத்தில் 7 நாள் விதி தளர்ந்தது. தாங்களே தயாரித்த படங்களை நீண்டகாலம் வைத்திருக்க நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் இன்னும் நிறையப் படங்கள் மறைகின்றன. இப்போது காரணம் பெரும்பாலும் உரிமம். இசைக்கு, பழைய காட்சிகளுக்கு, வெளித் தயாரிப்பாளருக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் காசு கொடுத்திருப்பார்கள். காலம் முடிந்தால் படம் போய்விடும். அதில் வேலை செய்தவர்களுக்குக் கூலி போகத்தான் வேண்டும். அப்படியென்றால் முதலிலேயே நீண்டகால உரிமத்தை வாங்குங்கள் என்று கேட்பதுதான் கட்டணம் கட்டுகிறவரின் வேலை. 'பொதுப்பணம் என்றால் பொதுச்சொத்து' என்ற கருத்தை விக்கிமீடியா டொய்ச்லாண்ட் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. அந்தக் குரலில் எங்கள் குரல் இல்லை.

இப்போது இன்னொரு வெட்டு வருகிறது. 2024 ஒக்டோபரில் மாநில முதல்வர்கள் ஒரு சீர்திருத்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். அது 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தகவல், கல்வி, ஆவணப்பட அலைவரிசைகள் நான்கு இரண்டாகச் சுருங்கவேண்டும். அந்த நான்கில் ஒன்று ஏ.ஆர்.டி ஆல்ஃபா. மேலே சொன்ன கரும்பலகைப் பேராசிரியரின் வீடு அது. அலைவரிசை போனாலும் நிகழ்ச்சி மீடியாதேக்கில் இருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு கல்வி அலைவரிசை இல்லாதபோது அடுத்த லெஷ்ஷுக்கு யார் கரும்பலகை வாங்கிக் கொடுப்பார்?

"அதுதான் யூரியூப் இருக்கே"

இதை நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். இருக்கிறது. டொய்ச்ச வெல்ல போன்றவை தங்கள் ஆவணப்படங்களை அங்கேயே போடுகின்றன. நானும் அங்கே பார்க்கிறேன். ஆனால் அங்கே அடுத்து என்ன வரும் என்பதை முடிவு செய்வது நீங்களும் இல்லை, ஆசிரியரும் இல்லை. சோழர் கடற்படை பற்றி ஒரு படம் பார்த்தால் அடுத்தது லெமூரியாக் கண்டம், அதற்கடுத்தது வேற்றுக்கிரகவாசி. எங்கள் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் இந்த வழியால் போய்த் திரும்பி வரவே இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

இணையத்தில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். 2018 பெப்ரவரியில் ஃபிராங்க்ஃபுர்ட் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தோமஸ் மான், ஹைன்றிஹ் மான், அல்ஃபிரேட் டோப்லின் ஆகிய மூவரின் 18 நூல்கள், அமெரிக்காவிலிருந்து நடக்கும் குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் இருந்தன. அமெரிக்காவில் அவற்றுக்குக் காப்புரிமை முடிந்திருந்தது, ஜேர்மனியில் முடியவில்லை. பதிப்பகம் வழக்குப் போட்டு வென்றது. குட்டன்பெர்க் திட்டம் என்ன செய்தது தெரியுமா? 18 நூல்களை மட்டும் மறைக்கவில்லை. ஜேர்மனி முழுவதற்கும் தன் முழுத் தளத்தையும் மூடிவிட்டது. 2021 ஒக்டோபர் வரை இங்கிருந்து அந்தத் தளத்தில் ஷேக்ஸ்பியரைக்கூடத் திறக்க முடியவில்லை.

ஆகவே வேண்டியதைச் சேமித்து வையுங்கள். ஜேர்மன் காப்புரிமைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. வெளிப்படையாகத் திருட்டுத்தனமான இடத்திலிருந்து எடுக்கக்கூடாது, எடுத்ததை ஊருக்கு விநியோகிக்கக்கூடாது. 'மீடியாதேக்வியூ' என்ற திறமூல மென்பொருள் எல்லாப் பொது அலைவரிசைகளின் மீடியாதேக்கையும் ஒரே பட்டியலாகக் காட்டும், தரவிறக்கவும் விடும். 2016இல் அதை உருவாக்கியவர் இனி முடியாது என்று நிறுத்தப் பார்த்தார். பாவனையாளர்கள் சேர்ந்து பொறுப்பெடுத்துத் தொடர்ந்தார்கள். அதுவும் இலவசம் இல்லை. யாரோ தங்கள் பின்னேரங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழில் யார் கட்டினார்?

இனித்தான் எனக்கு முக்கியமான பகுதி.

எங்கள் தலைமுறைக்கு ஒரு விசித்திரமான நிலைமை. கேட்டால் விளங்கும், வாசித்தால் மூச்சு வாங்கும். தமிழாலயத்தில் பத்து வருடம் சனிக்கிழமைகளைக் கொடுத்தவர்களுக்குக்கூட ஒரு நாவலின் முதல் பக்கம் மலை. எழுத்துத் தெரியாததால் மட்டும் இல்லை. வீட்டுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறு. 'வந்தவை, இருக்கினம், சொல்லுறன்' என்று வளர்ந்த காதுக்கு 'வந்தனர், இருக்கின்றனர், கூறுகிறேன்' என்பது பாதி அந்நியம். கண்ணால் வாசிக்கும்போது அந்தத் தூரம் பெரிதாகத் தெரியும். ஒருவர் நல்ல குரலில் வாசித்துக் கேட்டால் அது சுருங்கிவிடும். எங்கே மூச்சு விடுவது, எங்கே கோபம், எங்கே பகிடி என்பதைக் குரல் சொல்லித்தரும். எங்களுக்கு ஒலிநூல் வெறும் வசதி இல்லை. பலருக்குத் தமிழ் இலக்கியத்துக்குள் போகிற ஒரே கதவு அதுதான்.

அந்தக் கதவு எப்படி இருக்கிறது? கல்கியின் 'பொன்னியின் செல்வன்' யூரியூப்பில் பல குரல்களில் இருக்கிறது. சந்தோஷம். கல்கி 1954இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 70 வருடம் என்ற ஜேர்மன் கணக்கில்கூட 2025 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்னரே அதை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இந்த வழியைத் தொடக்கிவைத்தது பாரதி. 1949இல் அவருடைய எழுத்தின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு பெற்று, பிறகு மக்களுக்கே கொடுத்தது. நாட்டுடைமை ஆக்கும்போது வாரிசுகளுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அங்கேயும் இலவசம் இல்லை. யாரோ கட்டினார்கள், அதனால் இருக்கிறது.

எழுத்து வடிவத்திலும் அப்படித்தான். லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998இல் தொடங்கியது மதுரைத் திட்டம். உலகம் முழுவதும் தமிழர்கள் வேலை முடிந்து வந்து தட்டச்சுச் செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 அளவு நூல்கள் எரிந்த ஒரு சமூகம், இனி ஒரே கட்டடத்தை நம்பமாட்டோம் என்று செய்த வேலையாக நான் அதைப் பார்க்கிறேன்.

ஆனால் குரல்? எழுத்து இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. விபுலானந்த அடிகள் இறந்தது 1947இல். புதுமைப்பித்தன் இறந்தது 1948இல். ஆறுமுக நாவலர் இறந்தது 1879இல். யாரிடமும் அனுமதி கேட்காமல் இவர்களின் எழுத்தை வாசித்துப் பதியலாம். லிப்ரிவொக்ஸ் 2005இல் மொன்றியலில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஒலிநூல்கள், எல்லாம் தன்னார்வலர் குரல். ஜேர்மன் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகிறது. தமிழ்ப் பட்டியல் அதற்குப் பக்கத்தில் வைத்தால் மிகச் சின்னது. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி இது.

இன்னொரு கசப்பான வேடிக்கை. ஜேர்மனியின் பொதுப்பணம் தமிழிலும் பேசுகிறது. டொய்ச்ச வெல்ல 2021இல் தமிழ்ச் சேவை தொடங்கியது. ஆனால் அது வெளிநாட்டுக்கான நிறுவனம், சட்டப்படி அதன் வேலை வெளியே இருப்பவர்களுக்குப் பேசுவது. சென்னையில் இருப்பவருக்கு ஜேர்மன் அரசு தமிழில் விளக்குகிறது. ஹம்மில், எசனில் இருக்கும் அப்பம்மாவுக்கு விளக்க யாருக்கும் கடமை இல்லை. 'மவுஸ்' நிகழ்ச்சியைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் என்னென்ன வரப்போகிறது என்று ஜேர்மனில் சொல்லி, பிறகு இன்னொரு மொழியிலும் சொல்வார்கள். வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்துத் தொடங்கிய பழக்கம் அது. இந்த நாட்டில் வேறு மொழிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பொது ஒலிபரப்புக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் கேட்டதில்லை.

"எங்கட தமிழுக்கு இது சரிவராது"

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் மூன்று பதில்கள் வரும்.

முதலாவது: "இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு வாசிக்கும், நாங்கள் ஏன் மினக்கெட வேண்டும்?" நான் கேட்டுப் பார்த்த அளவில், உரைநடையை அது பரவாயில்லாமல் வாசிக்கிறது. ஈழத்துக் கதையில் ஓர் ஆச்சி பேசும் வரி வந்ததும் அறிவிப்பாளர் போல ஆகிவிடுகிறது. எங்கள் பேச்சைப் போதுமான அளவு கேட்காத இயந்திரம் எங்களைப் போல எப்படிப் பேசும்? அதற்கும் முதலில் மனிதக் குரல் வேண்டும்.

இரண்டாவது: "என் தமிழில் ஜேர்மன் வாடை அடிக்கும், ஊரில் சிரிப்பார்கள்." சிரிக்கட்டும். லிப்ரிவொக்ஸின் ஜேர்மன் நூல்களைக் கேளுங்கள், ஒரு நூலில் பல ஊர் உச்சரிப்பு இருக்கும். யாரும் சாகவில்லை. உங்கள் உச்சரிப்பில் கேட்டால் உங்களைப் போன்ற இன்னொரு பிள்ளைக்குத் தைரியம் வரும். அது போதும். உச்சரிப்பில் பயம் என்றால், வீட்டில் அம்மம்மா இருக்கிறார். பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் உள்ளவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் வாசிக்க, நீங்கள் பதிந்து வெட்டி ஒட்டுங்கள்.

மூன்றாவது பெற்றோரின் பதில்: "சும்மா கிடைப்பதில் தரம் இருக்காது." மாதம் நூற்றுக்கணக்கில் தனியார் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு இதைச் சொல்வார்கள். அவர்களுக்கு 220 யூரோ 32 சதம் என்ற கணக்கைக் காட்டுங்கள். சும்மா இல்லை அம்மா, நீங்கள் கட்டினது என்று சொல்லுங்கள். எங்கள் அம்மாமாருக்குக் கட்டிய காசு வீணாகப் போவதைவிடப் பெரிய பாவம் இல்லை. அந்த ஒரு வசனம் வேலை செய்யும்.

செய்ய வேண்டியது

ஒன்று. ஜேர்மனில் பார்க்க, கேட்க வேண்டியதை உரிய இடத்தில் தேடுங்கள், வேண்டியதைச் சேமியுங்கள். நல்ல படம் மறைந்துபோனால் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் பார்வையாளர் தொடர்புப் பகுதி இருக்கிறது. "நான் கட்டணம் கட்டும் வீட்டில் இருக்கிறேன், இந்தப் படம் ஏன் இல்லை?" என்று இரண்டு வரி போதும். யாழ்ப்பாணத்திலுள்ள மச்சாளுக்கு அனுப்பினால் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வருகிறதா? அதையும் எழுதுங்கள்.

இரண்டு. இசட்.டி.எஃப் 'டெர்ரா எக்ஸ்' நூற்றுக்கணக்கான சிறு காணொளிகளைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறது. காலநிலை, எரிமலை, ரோமர் காலம் என்று பல. ஒவ்வொன்றின் கீழும் எந்த உரிமம் என்று எழுதியிருக்கும். மாற்றி அமைக்க அனுமதிக்கும் உரிமம் என்றால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நீங்களே தமிழ்க் குரல் கொடுக்கலாம். களவு இல்லை, கெஞ்சல் இல்லை. ஒரு நிமிடக் காணொளிக்குத் தமிழ் எழுதிப் பேசுவது தமிழாலயத்தின் மேல் வகுப்புக்கு ஒரு கட்டுரையைவிட நல்ல வீட்டுப்பாடம். ஆசிரியர்கள் யாராவது வாசித்தால் யோசியுங்கள்.

மூன்று. காப்புரிமை முடிந்த எழுத்தை வாசியுங்கள். முடியாததைத் தொடவேண்டாம், அல்லது கேட்டுவிட்டுத் தொடுங்கள். 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல் இறந்தது 1986இல். இங்கே 2056 முடியும்வரை அவர் எழுத்து குடும்பத்துக்குச் சொந்தம். ஈழத்து எழுத்தாளர்களின் குடும்பங்கள் பல ஒரு மின்னஞ்சல் தூரத்தில்தான் இருக்கின்றன. கேட்காமல் எடுத்து யூரியூப்பில் போடுவது, வாழ்நாள் முழுவதும் எழுத்தால் ஒரு சதமும் காணாதவர்களுக்கு நாங்கள் செய்யும் இன்னொரு அநியாயம்.

லிப்ரிவொக்ஸில் சேர உச்சரிப்புச் சோதனை கிடையாது. ஒரு நிமிடம் வாசித்து அனுப்பச் சொல்வார்கள். ஒலி சரியாகப் பதிகிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பதிய 'ஓடாசிற்றி' மென்பொருள் போதும். தலைக்கு மேல் ஒரு போர்வையைப் போட்டால் அறையின் எதிரொலி போய்விடும். வாசித்ததை இன்னொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்பார். தமிழ் வாசிக்கக் கூச்சம் என்றால் அந்தக் கேட்கும் வேலையை எடுங்கள், அதற்கும் ஆள் இல்லை.

ஜேர்மனில் இருப்பது எங்கள் காசு, அதை விடக்கூடாது. தமிழில் இல்லாதது எங்கள் நேரம், அதை இன்னும் கொடுக்கவில்லை. புதுமைப்பித்தனின் சிறுகதை ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தை ஒரு நிமிடம் வாசித்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிடப் பதிவே சோதனைக்குக் காணும்.